பதினோராம் கேள்வி

எனக்கு வாய்க்கொழுப்பு என்று என் புருசன் மகேசன் சொல்வார். அன்றைக்கு நான் வாயே திறக்கவில்லை. எல்லாம் பென்சில் செய்த வேலை.

ஒக்லண்டில் முதியோர் இல்லமொன்றில் ஐந்து வருசமாக வேலை செய்கிறேன். நிரந்தர விசாவுக்கு ஆங்கிலச் சோதனையில் ஒன்பதுக்கு ஆறரைப் புள்ளி வேண்டும். இருந்த விசா முடிய இரண்டு மாதம். இதுதான் கடைசிச் சந்தர்ப்பம். சோதனைக்குச் சொல்லித்தந்த டெஸ்மன் படித்துப் படித்துச் சொன்னான்: "அக்கா, கட்டுரையில இருக்கிறதை மட்டும் பாருங்கோ. அதில இல்லாட்டி 'நொட் கிவன்', சொல்லப்படேல்ல எண்டு போடுங்கோ. உங்கட சொந்தக் கதையைக் கொண்டுபோய்ச் செருகாதேங்கோ."

ஒக்லண்டின் தெற்குப் பக்கம், மனுகாவில் சோதனை. வாசிப்புக்கு வந்தது டார்பி என்ற ஆங்கில ஊரின் பட்டு ஆலை. முந்நூறு வருசத்துக்கு முந்தியது. இத்தாலியிலிருந்து களவாகக் கொண்டுவந்த இயந்திர இரகசியம், ஆற்றுத் தண்ணீரில் சுற்றும் பெரிய சக்கரம், ஐந்து மாடி என்று ரசித்து ரசித்து எழுதியிருந்தார்கள். அறுந்த நூலை முடிச்சுப் போட ஏழு வயதுப் பிள்ளைகளை வைத்திருந்தார்களாம். பிள்ளைகளுக்கு அந்த ஒரு வரிதான்.

பதினோராம் கேள்வி: 'பிள்ளைகள் அந்த வேலையில் சந்தோசமாக இருந்தார்கள்.' சரியா, பிழையா, நொட் கிவனா?

விடை எனக்குத் தெரியும். நொட் கிவன். எழுதியும் விட்டேன்.

பதினாறு வயதில், வேலைக்கு வயது காணாதென்று என் அக்காவின் அடையாள அட்டையோடு இலங்கையில் கட்டுநாயக்காவில் தையல் ஆலைக்குப் போனவள் நான். ஒருநாள் வெள்ளைக்காரி ஒருத்தி ஆலையைப் பார்வையிட வந்தாள். பக்கத்து மெசினில் கம்சாயினி, ஊசி ஏறிய விரலைத் துணிக்குள் ஒளித்துக்கொண்டிருந்தாள். "ஹாப்பி?" என்று வெள்ளைக்காரி என்னைக் கேட்டாள். சூப்பர்வைசர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். "ஹாப்பி" என்றேன். பாவி, பல்லைக் காட்டிச் சிரித்தும் வைத்தேன்.

எழுதிய விடையை அழித்தேன். 'பிழை' என்று தாள் கிழிகிற மாதிரி அழுத்தி எழுதினேன்.

புள்ளி ஆறுதான் வந்தது. எந்த விடை பிழைத்தது என்று அவர்கள் சொல்வதில்லை. "ஒரு கேள்வியாலகூட அரைப் புள்ளி போகும், அக்கா" என்றான் டெஸ்மன். நான் செய்ததைக் கேட்டதும் மகேசன் கத்தினார்: "அந்தப் பிள்ளையள் செத்து எத்தினை காலம்! உன்ர பிள்ளை உயிரோட இருக்கிறாளெல்லோ!"



பிரணவிக்கு ஏழு வயது. இரண்டு வயதில் இங்கே வந்தவள். அவளுக்கு ஊர் என்றால் ஒக்லண்டில் நாங்கள் இருந்த சான்ட்ரிங்ஹாம்தான். விசா முடிந்து நாங்கள் இலங்கைக்குப் புறப்பட முன், பள்ளிக்கூடத்தில் கடைசி நாள் கேக் வெட்டினார்கள். ஊருக்குப் போவது ஹாப்பியா என்று டீச்சர் குனிந்து கேட்டாள். பிரணவி என் முகத்தை ஒருதரம் பார்த்தாள்.

"ஹாப்பி" என்றாள். பல்லைக் காட்டிச் சிரித்தாள்.