கலையாத சாயம்

பேராசிரியர் கை கழுவினால் குழாய்த் தண்ணீர் கண்ணாடிக் கம்பி மாதிரி விழும். சிதறாது, சத்தமும் போடாது. அவர் பக்கத்தில் வைத்த டீயில் பாலை ஊற்றினால் வெள்ளை தனி, கறுப்பு தனி என்று கோடு போட்டு நிற்கும். அதனால் அவர் மனைவி சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கலக்கி எடுத்து வருவாள்.

தண்ணீர் எப்போது சுழலும், எப்போது சுழலாது என்று பார்ப்பதுதான் அவர் பிழைப்பு. இதற்கும் சம்பளம் கொடுக்கிறார்கள். நீளமான கண்ணாடிக் குழாயில் தண்ணீரை ஓடவிட்டு, நடுவில் ஊசி வழியாகச் சிவப்புச் சாயம் விடுவார்கள். மெதுவாக ஓடினால் சாயம் நூல் பிடித்த மாதிரி போகும். வேகம் கூடினால் சுழன்று கலைந்துவிடும். அந்த நேரத்தில் அறையில் ஒருத்தரும் நடக்கக் கூடாது, தும்மக் கூடாது. தான் கண்டுபிடித்த பூச்சைக் குழாயின் உள்ளே பூசினால் எந்த வேகத்திலும் சாயம் கலையாது என்று அவர் எழுதினார். படம் எடுத்த அன்று வால்வைப் பாதிதான் திறந்திருந்தார். முழு வேகம் என்று போட்டுவிட்டார். பதவி உயர்வு வேண்டியிருந்தது.

கட்டுரை வந்த பிறகு பெரிய ஆட்கள் பார்க்க வந்தார்கள். வேறு வழியில்லாமல் வால்வை முழுசாகத் திறந்தார். சாயம் நேராகப் போயிற்று. அவர் பொய்க்கு அந்தத் தண்ணீர் கூசிப்போய்விட்டது, வேறென்ன. அன்றிலிருந்து அவர் பக்கத்தில் எந்தத் தண்ணீரும் சுழலவில்லை. மாலை போட்டார்கள், மெடல் கொடுத்தார்கள். மற்ற ஊர்களில் செய்து பார்த்தவர்களுக்கு வரவில்லை; உங்களுக்குக் கை சுத்தம் போதாது என்று அவர்களைத்தான் திட்டினார்கள். அவர் வாயைத் திறக்கவில்லை. தலைமுடி நரைத்தது.

தம்பி மகள் அதே கல்லூரியில், அதே குழாயில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தாள். அவளுக்கும் சாயம் கலைந்தது. பட்டம் கிடையாது, மூட்டை கட்டு என்று சொல்ல அந்தக் குழாய் இருந்த மாடி அறையிலேயே ஒரு கூட்டம் போட்டார்கள்.

"நீங்க நின்னா நேரா போகுது, நகர்ந்தா கலையுது. என் கையிலயா தப்பு, பெரியப்பா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாள்.

பேராசிரியர் எழுந்து வால்வு விஷயத்தைச் சொன்னார். முகம் காது வரை சிவந்துவிட்டது. துறைத்தலைவர் சிரித்தார். "சாருக்கு என்ன தன்னடக்கம் பாருங்க! அண்ணன் பொண்ணுன்னு விட்டுக்கொடுக்கறார்" என்று சொல்லி வால்வைத் திறந்தார். சாயம் நூலாகப் போயிற்று.

"அண்ணன் பொண்ணு இல்லீங்க, தம்பி பொண்ணு," என்றாள் அவள். பிறகு பெரியப்பாவைப் பார்த்து, "கொஞ்சம் வெளிய போங்க," என்றாள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டு படியிறங்கி, வாசல் தாண்டி, பஸ் நிறுத்தம் வரைக்கும் போனார். மேலே குழாயில் சாயம் வெடித்துச் சுழன்று தண்ணீரெல்லாம் சிவப்பானது. அவளுக்குப் பட்டம் கொடுத்தார்கள். பேராசிரியர் மெடலைத் திருப்பிக் கொடுத்தார், வாங்க ஆளில்லை.

இப்போதும் அந்த அறையில் குழாய் ஓடும்போதெல்லாம் அவர் பஸ் நிறுத்தத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். அங்கே பஸ் புகை கம்பம் நட்ட மாதிரி நேராக மேலே போகும். டிரைவர்கள் தூரத்திலேயே அதைப் பார்த்து வண்டியை மெதுவாக்குகிறார்கள். வேலை முடிந்து தம்பி மகள் டீ டம்ளரோடு வருவாள்.

"அங்கேயே கலக்கிட்டேன், பெரியப்பா. குடிங்க."

நிமிர்ந்து பார்க்காமல் வாங்கிக் குடிப்பார்.