செடோனியாவின் வாசற்படி

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எதிர்வீட்டிலிருந்து. வில்லெம்ஸ்டாட் என்கிற தீவு நகரத்தின் துறைமுகத்தில் துணிக்கடை வைத்தே எனக்குத் தலை நரைத்துவிட்டது. கல்லாவில் உட்கார்ந்தால் நேர் எதிரே செடோனியாவின் வாசல்.

இப்படித்தான் தொடங்கினேன்: "நாவற்பழ நிறச் சுவரும் கிளிப்பச்சைக் கதவுமாக, காலை வெயிலில் அந்த வீடு..."

[அடித்துவிட்டேன். கப்பலில் வந்து இறங்குகிறவர்களும் சுவரைத்தான் முதலில் பார்க்கிறார்கள். உள்ளே ஆள் இருக்கிறதா என்று எவனாவது கேட்டானா?]

மறுபடியும். செடோனியா பழைய சந்தையில் ஆட்டுக்கறிக் குழம்பும் சோளக்களியும் விற்பவள். சுற்றுலாக் கப்பல் வந்த ஒரு காலையில் சாப்பாட்டு நாற்காலியைத் தூக்கிவந்து, தன் வாசற்படிக்கு நட்டநடுவில் போட்டு உட்கார்ந்துவிட்டாள். படம் எடுக்க வந்த கூட்டம் அவளைச் சுற்றிப் பார்த்தது, எட்டிப் பார்த்தது, முணுமுணுத்துக்கொண்டு போனது. அவள் அசையவில்லை.

2

ஏன் என்று கேட்பீர்கள்.

அவள் புருசன் பாசிலியோவை அடக்கம் செய்த வாரத்தில் தொடங்கியது அது. இங்கே எட்டு நாள் துக்கம் காப்பார்கள், சன்னல் திறக்கமாட்டார்கள். உள்ளே கறுப்பு உடுத்தி ஜெபமாலை உருட்டிக்கொண்டிருக்கிறார்கள். வெளியே படியில் கப்பல்காரர்கள் தோளில் கைபோட்டுச் சிரித்துப் படம் எடுக்கிறார்கள். அதில் ஒரு அம்மாள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, "நீங்களும் வந்து நில்லுங்களேன், கறுப்பு உடை நன்றாக இருக்கிறது" என்றாள். செடோனியா எட்டு நாளும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அப்புறம்தான் நாற்காலி வந்தது.

[இந்தத் தீவில் கடைக்குள் நுழைந்தாலும் பஸ்ஸில் ஏறினாலும் முதலில் 'போன் தியா' சொல்ல வேண்டும். காலை வணக்கம், அவ்வளவுதான். திருடன்கூட அதைச் சொல்லிவிட்டுத்தான் கை வைப்பான் என்று இங்கே கேலி உண்டு.]

3

அவள் அக்கா மகன் எல்ட்ரிக், கப்பல் கூட்டத்துக்கு ஊர் சுற்றிக் காட்டுகிறவன். அந்தப் படிதான் அவன் கடைசி நிறுத்தம்.

"சித்தி, கொஞ்சம் தள்ளி உக்காருங்க. ஒரே நிமிஷம்."

"இது என் வாசப்படிடா. நான் எதுக்குத் தள்ளணும்?"

"இந்தப் படம் இல்லன்னா கூட்டத்தை வேற ஆளுக்குக் குடுத்துருவோம்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. கல்யாணத்தை வெச்சுக்கிட்டு நிக்கறேன், என் பொழப்புல மண்ணள்ளிப் போடாதீங்க."

"நான் எங்கடா போட்டேன்? நல்லா எடுக்கட்டும். போன் தியா சொல்லிட்டு எடுக்கட்டும்."

"அவங்களுக்கு அதெல்லாம் தெரியாது சித்தி."

"உனக்குத் தெரியுமில்ல? சொல்லிக் குடுக்கறதுக்கென்ன, வாயில கொழுக்கட்டையா வெச்சிருக்கே?"

முதல் பிரதியில் எல்ட்ரிக்குக் கூர்மீசை வைத்து, காசுக்கு வாலாட்டுகிறவனாக எழுதியிருந்தேன். பாசிலியோவின் சவப்பெட்டியை முன்னால் நின்று தூக்கியவன் அவன்தான். மீசையை எடுத்துவிட்டேன்.

4

அடுத்த கப்பல் வந்தது. மிதவைப் பாலத்தில் நடத்திக் கூட்டிவரும்போதே எல்ட்ரிக் அத்தனை பேருக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டான். படிக்கு எதிரே நிறுத்திக் கையைக் காட்டினான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி எல்லாரும் சேர்ந்து, "போன் தியா."

அப்பாடா, கதை முடிந்தது என்று நான் பேனாவை மூடப் போனேன். செடோனியா எழுந்தாள். வணக்கம் என்று ஒன்று வந்துவிட்டால் அதற்குப் பதில் உண்டே. எல்ட்ரிக் வணக்கத்தைச் சொல்லிக்கொடுத்தான், பதிலை மறந்துவிட்டான். அவள் ஒவ்வொருத்தர் கையையும் பிடித்து, "போன் தியா. ராத்திரி நல்லாத் தூங்கினீங்களா? வீட்ல எல்லாரும் சுகமா? அம்மா இருக்காங்களா?" என்று கேட்க ஆரம்பித்தாள். அவர்களுக்கு என்ன ஆயிற்றோ, கைபேசியை உள்ளே வைத்துவிட்டு வரிசையில் நின்று அம்மாவைப் பற்றிச் சொன்னார்கள். ஒருத்தர் அழுதேவிட்டார்.

"சித்தி, சுருக்கமா முடிங்க," என்றான் எல்ட்ரிக். அவர்களைக் கையைப் பிடித்து இழுத்துப் போயிருக்கலாம். இந்த மண்ணில் வளர்ந்தவனுக்கு ஒரு வணக்கத்தைப் பாதியில் அறுக்க மனசு வராது.

பாலத்து மணி அடித்தது. சரக்குக் கப்பலுக்கு வழிவிடப் பாலம் விலகப்போகிறது. விலகிவிட்டால் மறுகரையில் நிற்கிற இவர்களுடைய கப்பலுக்குப் போய்ச் சேர முடியாது. ஆள் விட்டுப்போனால் எல்ட்ரிக்கின் வேலை அன்றோடு சரி. கப்பலும் சங்கு ஊதிவிட்டது.

5

ஒரு முடிவில், எல்லாரும் ஓடிப்போய்ப் பாலத்தைப் பிடிக்கிறார்கள். இன்னொன்றில், எல்ட்ரிக்கின் கல்யாண விருந்துக்குச் செடோனியா ஆட்டுக்கறி

[வேண்டாம். அது நான் ஆசைப்பட்டது, நடந்தது அல்ல.]

நடந்தவரைக்கும் சொல்கிறேன். வரிசை கரைந்துவிட்டது, கை குலுக்கியவர்கள் பாலத்தைப் பார்த்து ஓடிக்கொண்டிருக்கிறார்கள். கடைசியாக ஒரே ஒரு ஆள் மட்டும் பாக்கி. நீங்கள்தான். முதல் வரியிலிருந்து இந்த வாசலிலேயே நிற்கிறீர்கள். அவள் சுவரைப் பார்த்தீர்கள், அவள் வீட்டுச் சாவைக் கேட்டீர்கள், அவள் அக்கா மகன் பிழைப்பைக் கேட்டீர்கள். அவளிடம் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்போது வணக்கம் சொன்னால் அவள் உங்கள் கையைப் பிடிப்பாள், உங்கள் அம்மா வரைக்கும் கேட்காமல் விடமாட்டாள், பாலம் போய்விடும், எல்ட்ரிக்கின் வேலையும் போய்விடும். சொல்லாமல் திரும்பி ஓடினால் அவன் பிழைத்துக்கொள்வான்.

எல்ட்ரிக் உங்கள் சட்டையை மெல்லத் தொடுகிறான். செடோனியா நின்றுகொண்டு உங்களையே பார்க்கிறாள்.