பேருந்து நிறுத்தத்துப் பெண்

அவள் கணினி விளையாட்டுகளுக்குக் கதை எழுதுகிறவள். மூன்று வருடமாக ஒரே கதையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்: அணுகுண்டு யுத்தத்தில் ஊர்கள் சாம்பலாகின்றன, கதிர்வீச்சில் மனிதர்கள் உருமாறிப் பிறக்கிறார்கள், விளையாடுகிறவர் அவர்களுக்கு நடுவே தப்பிப் பிழைக்க வேண்டும். முதல் கட்டம் மட்டும் யுத்தத்துக்கு முந்தைய நாளில், ஒரு சாதாரணக் கடைத்தெருவில் நடக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அரைகுறையாக இருந்த விளையாட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து தங்கையிடம் கொடுத்தாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அந்தத் தங்கைக்குப் பிறவியிலேயே இடது கையில் மூன்று விரல்தான். ஆனாலும் பொத்தான்களைத் தட்டுகிற வேகத்தில் அக்காவால் அவள் கிட்டே நெருங்க முடியாது. அன்று யுத்தத்தைக் கடந்ததும், இடிபாட்டிலிருந்து மூன்று விரல்காரன் ஒருவன் உறுமிக்கொண்டு பாய்ந்தான். தங்கை கையை எடுத்துவிட்டாள்.

"அக்கா, அந்தக் கடைத்தெருவுல என்னை மாதிரி ஒருத்தர்கூட இல்லையே. உலகம் அழிஞ்சப்புறம்தான் நாங்க வரணுமா?"

அக்கா அன்று ராத்திரியே கடைத்தெருவை மறுபடி திறந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

அலுவலகத்தில் அவளுடைய மேலாளருக்குப் பட்டப்பெயர் கத்திரி. யார் எதை எழுதினாலும் பாதியை வெட்டிவிடுவார். மறுநாள் கூட்டத்தில் அக்கா அவரிடம், யுத்தத்துக்கு முன்பே உருமாறிய ஒருவராவது கதையில் வேண்டும் என்றாள். கதிர்வீச்சே யுத்தத்தால் வந்ததுதான், விளம்பரத்திலும் அப்படித்தான் போட்டாயிற்று, அதற்கு முன்னால் எப்படி இருக்க முடியும் என்று அவர் கேட்டார்.

"குண்டை யுத்தத்தன்னைக்குத்தானா முதல்ல வெடிச்சிருப்பாங்க? முன்னாடியே எங்கயாவது சோதிச்சுப் பார்த்திருப்பாங்கல்ல. காத்து அடிச்ச பக்கம் ஊரு இல்லையா? அங்க பிள்ளைங்க பொறக்கலையா?"

மற்றவர்களுக்கும் ஆர்வம் தொற்றிக்கொண்டது. படம் வரைகிறவர் யுரேனியச் சுரங்கத்து ஆட்களைச் சொன்னார். ஒலிப்பதிவாளர் கசியும் அணு உலையைச் சொன்னார். கத்திரி மட்டும் மசியவில்லை. வெளியீடு நெருங்கிவிட்டது, புதிதாக வரைய ஆள் கிடையாது என்று பேச்சை முடித்தார்.

அவள் விடுவதாக இல்லை. யுத்தத்துக்குப் பிந்தைய, உருமாறிய பெண் உருவம் ஒன்றையே எடுத்தாள். கந்தலைக் கழற்றி, வேலைக்குப் போகிற சட்டையை மாட்டி, கடைத்தெருவின் பேருந்து நிறுத்தத்தில் நிறுத்தினாள். மதியச் சாப்பாட்டு நேரமெல்லாம் அதற்கே போயிற்று. ஒலிப்பதிவாளரின் மனைவி குரல் கொடுத்தார். தான் குண்டுச் சோதனைத் திடலுக்குப் பக்கத்து ஊர், அங்கே பாதித் தெருவும் தன்னைப் போலத்தான், பேருந்து இன்றைக்கும் தாமதம் என்று பேசினாள் நிறுத்தத்துப் பெண்.

இந்த முறை அக்கா வாதாடவில்லை. கத்திரியை உட்காரவைத்து விளையாடச் சொன்னாள். முகத்தைச் சுளித்துக்கொண்டே போனவர் நிறுத்தத்தில் நின்றுவிட்டார். பேச்சை இரண்டு தடவை கேட்டார்.

"இவ எங்க போறா?"

"வேலைக்கு, சார்."

அவர் இன்னொரு தடவை கேட்டார். "பேச்சு நீளம். பாதியாக் குறைங்க. ஆளு இருக்கட்டும்."

விளம்பரத்தை மாற்ற மட்டும் கடைசிவரை சம்மதிக்கவில்லை.

விளையாட்டு வெளிவந்த அன்று தங்கை கடையில் சொல்லிவிட்டுச் சீக்கிரம் வந்தாள். அந்தப் பெண்ணின் முன்னால் போய் நின்றவள் நகரவே இல்லை. அழப்போகிறாளோ என்று அக்கா பயந்தாள். சட்டைக் கலர் சகிக்கவில்லை என்றாள் தங்கை. பிறகு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்: "நாளைக்குக் குண்டு விழுதே, இவ என்ன ஆவா?"

அக்கா அதை யோசித்திருக்கவில்லை. கதைப்படி அந்தக் கடைத்தெருவே சாம்பலாகிவிடும்.

மறுநாள் காலை கத்திரி பையைக் கீழே வைக்கும் முன்பே அவருடைய அறை வாசலில் நின்றாள். இரண்டாம் பாகத்தில் அந்தப் பெண் உயிரோடு வர வேண்டும், யார் மேலும் பாயக் கூடாது, கதையே அவளுடையதாக இருக்க வேண்டும் என்றாள். கத்திரி பெருமூச்சு விட்டார்.

"உட்காருங்க," என்றார்.