குப்பிக்குப் பின்னால் ஒரு கோடு

1

இந்தக் கதை எங்கள் வீட்டுக் குளியலறையில், ஒரு கோப்பையில் நின்ற நான்கு பல் துலக்கும் பிரஷ்களில் தொடங்கியது. வீட்டில் இருப்பது மூன்று பேர். அண்ணன், அண்ணி, வேலை தேடிக்கொண்டு மூன்று மாதமாக அவர்களோடு இருக்கும் நான். நான்காவது பிரஷ் மீன் தொட்டிக்கு. பாறைகளில் படிந்த பாசியைத் தேய்க்க அண்ணன் வாங்கியது.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். எந்தச் சாமானும் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும் அவனுக்கு. பிரஷ் என்றால் பிரஷ் கோப்பை. அடையாளத்துக்குக் கழுத்தில் சிவப்பு ஒயர் சுற்றியிருந்தான். ஒருநாள் காலைத் தூக்கக் கலக்கத்தில் பாதி தேய்த்த பிறகுதான் எனக்கு வாய் உப்புக் கரித்தது. யாரிடமும் சொல்லவில்லை. அந்த வீட்டில் நான் சொல்லாமல் விட்டவற்றில் அது இரண்டாவது.

(முதலில் எழுதிய தொடக்கம்: "கடல் அந்த வீட்டின் வரவேற்பறையில் நான்கடி நீளத்துக்குப் படுத்திருந்தது." அழகாகத்தான் இருந்தது. அடித்துவிட்டேன். அது கடல் இல்லை. முந்நூறு லிட்டர் வடிகட்டிய தண்ணீர், அதில் அளந்து கரைத்த உப்பு, பாறைகள், இரண்டு கோமாளி மீன், பதினேழு நத்தை, ஒரு பவளம்.)

2

கதையை இப்படி வைத்துக்கொள்ளலாம்.

அவள்* மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். நாள் முழுவதும் அடுத்தவர் கண்களுக்கு நடுவே மில்லிமீட்டர் கணக்கில் இடைவெளி அளப்பவள். வீட்டுக்கு வந்தால் பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல் தொட்டி முன்னால் போய் நிற்பாள். அவள் பார்க்க வருவது மீனை அல்ல. வலது மூலையில், தட்டைப் பாறையின் மேல் இருக்கும் பவளத்தை. நான்கு வருடம் முன்பு அவள் வாங்கி வந்தபோது அது கட்டைவிரல் அளவு. இப்போது உள்ளங்கையை விரித்து வைத்த அளவு. விளக்கு எரிந்ததும் அதன் நுனியெல்லாம் மெல்ல மலரும்.

மலரும் என்று எழுதினேன். மலர்ந்துகொண்டிருந்தது என்பதே சரி. பாசி வந்தபின் அது பாதிதான் திறந்தது.

முடிப்பாசி என்பார்கள். நிஜமாகவே வாராத தலைமுடி மாதிரி இருக்கும். முதலில் பாறையின் பின்பக்கம் ஒரு கொத்து. அடுத்த வாரம் முன்பக்கம். அடுத்த வாரம் தண்ணீரைச் சுழற்றும் பம்பின் வாயில் தாடி முளைத்துவிட்டது. கணவன் கையால் பிடுங்கினான், பிரஷ்ஷால் தேய்த்தான், நத்தைகளை வாங்கி விட்டான். மூன்று நாள் விளக்கை அணைத்துத் தொட்டியைப் போர்வையால் மூடி வைத்தான். நாலாம் நாள் போர்வையை எடுத்தபோது பாசி கொஞ்சம் வெளுத்திருந்தது. எட்டாம் நாள் தூங்கி எழுந்த மாதிரி பச்சையாக நின்றது.

"இன்னிக்கு எவ்வளவு போட்ட?" என்றான் கணவன்.

"என்னத்தை?"

"தீனி."

"எப்பவும் போலத்தான். ஒரு சிட்டிகை."

"யார் சிட்டிகை? உன் சிட்டிகையா, என் சிட்டிகையா?"

"உங்க விரலைக் கழட்டி வெச்சுட்டு வேலைக்குப் போங்க. அதுல அளந்து போடறேன்."

அப்போது இருவரும் சிரித்தார்கள். சிரித்தார்கள் என்பதை எழுதி வைக்க வேண்டும். பின்னால் வரும் இடங்களில் அது கிடையாது.

*நேரில் நான் அண்ணியை ஒருநாளும் "அவள்" என்று சொன்னதில்லை. கதைக்குள் மட்டும் அந்தத் துணிச்சல் எப்படியோ வருகிறது.

3

இந்தக் கதையில் ஒரு நாத்தனார் உண்டு. நான்தான். அறிவியல் பட்டதாரி. வீட்டில் பெயர் குட்டி. அவள் மட்டும் விஞ்ஞானி என்று கூப்பிடுவாள்.

கணவன் தண்ணீரைச் சோதிக்கும் பெட்டி ஒன்று வாங்கி வந்தான். சின்னக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து, மருந்துச் சொட்டு விட்டுக் குலுக்க வேண்டும். பாசிக்குச் சாப்பாடான பாஸ்பேட் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு நீலம் ஏறும். ஏறவில்லை. மூன்று தடவை செய்தான்.

"ஜீரோ," என்றான். "தண்ணி சுத்தம். அப்புறம் எதைடா தின்னு வளர்றே நீ?" பாசியை டா போட்டுக் கூப்பிடும் அளவுக்கு நெருங்கிப் போயிருந்தான்.

"விட்டுடுங்களேன். அதுவும் ஒரு செடிதானே," என்றாள் அவள்.

"செடி இல்ல அண்ணி, பாசி. வேற வகை," என்றாள் நாத்தனார்.

"சரிங்க விஞ்ஞானி."

நாத்தனார் அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "ஜீரோன்னா இல்லவே இல்லன்னு அர்த்தம் இல்ல, அண்ணா. நாம அளக்கறதுக்கு முன்னாடியே பாசி அதை இழுத்துக்குது. தட்டு காலியா இருக்குன்னா சாப்பாடே போடலைன்னு சொல்ல முடியுமா?"

"அப்போ?"

"யாரோ தேவைக்கு மேல போடறாங்க."

சரியான விடை. பரீட்சையாக இருந்தால் முழு மதிப்பெண். கேட்டால் விடையைச் சொல்லிவிடும் பழக்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. விடை யார் தலையில் போய் விழும் என்று பார்க்கும் பழக்கம்

(இந்த வாக்கியத்தை முடிக்காமலே விடுகிறேன்.)

அன்று முதல் தீனி போடும் வேலையைக் கணவன் தானே எடுத்துக்கொண்டான். அவள் காலையில் தொட்டிப் பக்கம் இரண்டு எட்டு வைத்துவிட்டு, நினைவு வந்து சமையலறைக்குத் திரும்புவாள். இரண்டு வாரம் அப்படிப் போனது. பாசி குறையவில்லை.

4

இந்தப் பகுதியை ஐந்து தடவை எழுதியிருக்கிறேன்.

முதல் நான்கிலும் ஒரு மாமா வருகிறார். ஓய்வு பெற்றவர், ஊரிலிருந்து வந்து தங்கியிருப்பவர், கை தாராளம், மனசு இளகினவர். யாரும் இல்லாதபோது மீனுக்குக் கொட்டிக் கொடுப்பவர். நன்றாக வந்திருந்தார். இருமல்கூடக் கொடுத்திருந்தேன். அப்படி ஒரு மாமா எங்களுக்குக் கிடையாது. பழியைச் சுமக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். ஐந்தாவது தடவை அவரை அடித்துவிட்டு, நடந்ததை எழுதினேன்.

போன ஞாயிறு. கணவன் தீனிக் குப்பியைச் சாப்பாட்டு மேசையில் கொண்டுவந்து வைத்தான். பின்பக்கத்தை அவள் பக்கம் திருப்பினான். லேபிள் முடியும் இடத்தில் மார்க்கரால் மெல்லிசாக ஒரு கோடு. அதற்கு விரல் கனம் கீழே இன்னொன்று.

"மேல இருக்கறது நான் பொறுப்பெடுத்த அன்னிக்குப் போட்ட கோடு. நான் போட்ட தீனிக்கு இது இந்த ரெண்டாவது கோட்டு வரைக்கும்தான் இறங்கணும். எங்க நிக்குது பாரு."

அது வெகு கீழே நின்றது.

"நான் தொடலை," என்றாள் அவள்.

"நான் திட்டவா செய்யறேன்? போட்டேன்னு சொல்லிட்டா முடிஞ்சுது."

"போடலைன்னு சொல்றேன்."

"வீட்ல மூணு பேரு. நான் அதிகமா போடலை. குட்டி போட மாட்டா. அவளுக்கு இதெல்லாம் தெரியும்."

நாத்தனார் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே மடித்த துண்டைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

அவள் குப்பியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். கடையில் வாடிக்கையாளர் கொண்டுவரும் கண்ணாடியைப் பார்ப்பது போல, எங்கே விரிசல் என்று. "எனக்குத் தெரியாம கோடு போட்டு வெச்சு, ரெண்டு வாரமா பார்த்துக்கிட்டு இருந்தீங்களா?"

"பின்னே எப்படிக் கண்டுபிடிக்கறது?"

"சரி. நான்தான் போட்டேன்னு வெச்சுக்கோங்க. இப்ப பாசி போயிடுச்சா?"

கணவனுக்கு அது போதுமானதாக இருந்தது. நான்தான் என்ற சொல் மட்டும் அவன் காதில் நின்றது.

அன்று சாயங்காலம் "அடுப்பை அணைச்சாச்சு" என்றாள் அவள். சரி என்றான். ஒரு நிமிடம் கழித்து எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தான். மறுநாள் "கதவைப் பூட்டிட்டேன்" என்றாள். மாடிப்படியில் பாதி இறங்கியவன் திரும்பி ஏறிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்தான். வேண்டுமென்று செய்யவில்லை. கை தானாகப் போனது. அவள் படியிலேயே நின்று, அவன் வந்ததும் கூட இறங்கினாள்.

புதன்கிழமை, தொட்டியை, அதை விற்ற கடைக்காரருக்கே திருப்பிக் கொடுத்துவிடுவது என்று முடிவாயிற்று. ஞாயிறு காலை பத்து மணிக்கு வருவார். பவளத்தையும் சேர்த்துத்தான்.

5

மதியம் வீட்டில் நான் மட்டும் இருப்பேன். சாப்பாட்டு மேசை தொட்டிக்கு எதிரே. நான் தட்டோடு உட்கார்ந்ததும் பெரிய மீன் கண்ணாடிக்கு வந்துவிடும். நகராது. வாயைத் திறந்து மூடிக்கொண்டு, என்னையே பார்க்கும். அதற்குப் பின்னால் சின்னது.

யாராவது பார்த்தால் என்னால் சாப்பிட முடியாது. கல்லூரி விடுதியில் மூன்று வருடம் எல்லோரும் சாப்பிட்டு முடித்தபின் போய்ச் சாப்பிட்டவள் நான். நாற்காலியைத் திருப்பிப் போட்டேன். முதுகில் அந்தப் பார்வை தெரிந்தது. ஒருநாள் எழுந்து குப்பியைத் திறந்து கொஞ்சம் போட்டேன். இரண்டும் தீனிக்குப் பின்னால் மேலே போயின. நான் சாப்பிட்டு முடிக்கும்வரை கண்ணாடிக்கு வரவில்லை.

அதற்குப்பின் தினமும். நான் மெதுவாகச் சாப்பிடுகிறவள், அதனால் சில நாள் இரண்டு தடவை.

பாஸ்பேட் பற்றிப் பாடம் எடுத்தபோதும் எனக்குத் தெரியும். என் கைதான் அந்தக் கை என்று, "யாரோ" என்று சொன்ன அதே நொடியில் தெரியும். அடுத்த நாளிலிருந்து நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன். அடுத்த நாள் மீன் வந்து நின்றது. குப்பியின் பின்பக்கம் கோடு இருப்பது எனக்கும் தெரியாது.

சொல்ல முயன்றவை:

"அண்ணா, அந்தக் குப்பி விஷயம் வந்து

"அண்ணி, நீங்க போடலைன்னு எனக்கு

"ஒண்ணு சொல்லணும். சிரிக்கக் கூடாது, மதியம் சாப்பிடும்போது எனக்கு

ஒவ்வொன்றையும் தொண்டை வரை கொண்டுவந்து முழுங்கினேன். முதலில் அது சின்ன விஷயமாக இருந்தது, சொல்ல வெட்கம். பிறகு பெரிய விஷயமாகிவிட்டது, சொல்லப் பயம். நடுவில் சொல்லக்கூடிய அளவில் ஒருநாள் இருந்திருக்கும். அந்த நாளை நான் கவனிக்கவில்லை.

அதனால் கதை எழுத உட்கார்ந்தேன்.

6

முடிவுகள்.

அ) நாத்தனார் தீனி போடுவதை நிறுத்துகிறாள். பாசி தானாக வாடுகிறது. கடைக்காரருக்கு வேண்டாம் என்று சொல்லியனுப்புகிறார்கள். பவளம் முழுதாகத் திறக்கிறது. (நான் தீனி போடுவதை நிறுத்தி ஆறு நாளாகிறது. பாசி அப்படியே இருக்கிறது. பாறைக்குள் ஊறின பாஸ்பேட் வெளியே வர மாதங்கள் ஆகும். தவிர, இந்த முடிவில் அண்ணி பொய்க்காரியாகவே இருந்துவிடுகிறார். பாசி போனால்கூட, பார்த்தாயா, நீ போடாமல் இருந்ததும் போய்விட்டது என்பான் அண்ணன்.)

ஆ) தொட்டி போகிறது. அந்த இடத்தில் ஒரு அலமாரி வருகிறது. எனக்கு வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போகிறேன். அண்ணன் பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். (இதற்கு நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை. அதனால்தான் பயமாக இருக்கிறது.)

இ) என்று எழுதிக்கொண்டிருக்கும்போது அண்ணி வந்து நின்றார். இன்று சனிக்கிழமை, அவருக்கு விடுமுறை. அண்ணன் எங்கோ நின்றுபோன லிஃப்ட்டைப் பார்க்கப் போயிருக்கிறான்.

"என்ன எழுதற?"

"கதை, அண்ணி."

"எதைப் பத்தி?"

"தொட்டி."

"நான் வர்றேனா?"

"வர்றீங்க."

"நல்லவளாவா, கெட்டவளாவா?"

நான் பேனா மூடியைத் திருகினேன்.

"குடு பார்ப்போம். நாளைக்கு இந்நேரம் இந்தச் சுவர் மொட்டையா இருக்கும். அதுக்குள்ள கதையிலயாவது பார்த்துக்கறேன்."

முதல் நான்கு பகுதிகளைக் கொடுத்தேன். ஐந்தாவதை மடியில் வைத்துக்கொண்டேன்.

7

அண்ணி தொட்டிக்கு முன்னால், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து படிக்கிறார். நான் மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அவர் படிக்கும் வேகத்துக்கு என் கை எழுதுவதில்லை.

ஒரு இடத்தில் சிரித்தார். விரலைக் கழட்டி வைக்கும் இடமாக இருக்க வேண்டும். பிறகு இரண்டு தாள் சத்தமில்லாமல் போயிற்று. நான் எழுந்து தண்ணீர் குடித்தேன். உட்கார்ந்தேன். மறுபடி எழுந்து ஜன்னலைச் சாத்தினேன், திறந்தேன்.

"அடுப்பு விஷயத்தை நீ கவனிச்சியா?" என்றார் திரும்பாமல்.

"ம்."

"நான் மட்டும்தான் பார்த்தேன்னு நெனச்சேன்."

ஐந்தாம் பகுதியை நீங்கள் ஏற்கெனவே படித்துவிட்டீர்கள். அண்ணி இன்னும் படிக்கவில்லை. முகம் தெரியாத உங்களிடம் சொல்வது எவ்வளவு சுலபமாக இருந்தது என்று இப்போதுதான் தெரிகிறது. அந்த ஒரு பகுதியை எடுத்துவிட்டாலும் கதை நிற்கும். எண்களை மாற்றிப் போட்டால் போதும். மாமாவை மறுபடி கூப்பிடலாம். இருமலோடு வருவார்.

கடைசித் தாளைப் படித்து முடித்துவிட்டார். குப்பி வரும் தாள். அதைக் கவிழ்த்து வைக்கவில்லை. கையிலேயே பிடித்திருக்கிறார்.

"ஐஞ்சாவது தடவை நடந்ததையே எழுதினேன்னு போட்டிருக்கியே," என்றார். "அப்போ யாரு போட்டான்னு உனக்குத் தெரியுமா?"

நான் மடியில் இருந்த தாளைப் பிடித்துக்கொண்டேன். திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டினார், மீதித் தாள் எங்கே என்பது போல.

ஐந்தாம் பகுதியை அந்தக் கையில் வைத்துவிட்டேன்.

இனி உங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அவருக்கும் தெரியும். இரண்டு தாள்தான், நேரம் ஆகாது. படித்ததும் திரும்புவார். நான் தலையைக் குனிந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன், நிமிர்ந்து பார்க்க என்னால் ஆகாது. நாற்காலி நகரும் சத்தம் கேட்கிறது. அவர் முகத்தை நீங்கள் பாருங்கள்.