இரண்டு மணிக்கு ஆறு தலைகள்

திங்கட்கிழமை காலை அத்துபேலே கைபேசியில் ‘வெளியிடு’ என்ற பொத்தானை அழுத்திவிட்டுக் கண்களை இறுக மூடிக்கொண்டாள். முவான்ஜெல்வா சந்தைக்குப் பின்னால் இருக்கும் அவளுடைய முடி அலங்காரக் கடைக்கு இனி யார் வேண்டுமானாலும் வீட்டிலிருந்தே நேரம் பதியலாம். பெயர், எண், என்ன அலங்காரம், எந்த நாள், எத்தனை மணி என்று ஐந்தே கேள்விகள். நிரப்பி அனுப்பினால் அவளுடைய நாட்காட்டியில் தானாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு செய்த வேலை.

"இது பேசுமா?" என்று கேட்டாள் பூப்பே. அவள் அத்துபேலேயின் கணவனுக்கு அக்கா, கடையில் கூட்டாளி. இதுவரை நோட்டும் பேனாவுமாக வரிசையைக் கட்டி மேய்த்தவள்.

"பேசாது அண்ணி."

"அப்ப வரிசையில முந்துறவளை யாரு திட்டுவா?"

எங்கள் ஊர் சுவாஹிலியில் நாத்தனாருக்கு ‘விஃபி’ என்று பெயர். எழுதினால் கம்பியில்லா இணையத்துக்கும் அதே எழுத்துகள்தான். "இந்த விஃபி சரியான சண்டி" என்று அத்துபேலே மூன்று வாரமாக முணுமுணுத்தபோதெல்லாம் பூப்பே முறைத்ததில் நியாயம் இருந்தது.

வெளியிடுவதற்கு முன், முதலில் இந்தப் படிவம் ஆங்கிலத்தில்தான் இருந்தது. தெரிந்த நாலு பேருக்கு அனுப்பிப் பார்த்தாள். நாலு பேரும் திறந்த வேகத்தில் மூடிவிட்டார்கள். விடுவாளா? ஒவ்வொரு வரியையும் சுவாஹிலிக்கு மாற்றினாள். மணிக்கு நேரே ஒட்டிக்கொண்டிருந்த ஏ.எம்., பி.எம். என்ற ஆங்கில எழுத்துகள் கண்ணை உறுத்தின, அவற்றையும் தூக்கினாள். எட்டு முதல் ஐந்து வரை வெறும் எண்கள் மட்டும் அழகாக நின்றன.

அவ்வளவுதான், வெளியிட்டதும் பதிவுகள் கொட்டத் தொடங்கின. அன்றைக்கே மூன்று. எல்லாம் சனிக்கிழமைக்கு. புதன்கிழமை வந்ததுதான் பெரிய மீன்: ‘செகேலா. மணப்பெண் அலங்காரம். தோழிகளோடு ஆறு தலைகள். சனி. 2.’

"அண்ணி! கல்யாணப் பொண்ணு! கடை முகத்தையே பார்க்காம, ஒரு போன்கூடப் பண்ணாம நம்மளை நம்பிட்டா!"

இத்தனை நாளாகக் கல்யாணப் பெண்கள் அவள் கடையைத் தாண்டித்தான் போவார்கள். ஒரு கல்யாணம் நன்றாக அமைந்தால் போதும், அடுத்த கல்யாணங்கள் அந்தக் கூட்டத்திலிருந்தே வரும். கெட்டுப்போனால் அதுவும் அந்தக் கூட்டத்திலிருந்தே பரவும். அத்துபேலேக்கு அன்றிரவு தூக்கமே வரவில்லை.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அவள் வீட்டில் சப்பாத்தி போட்டுக்கொண்டிருந்தாள். காலையில் பத்து, பதினொன்று என்று மூன்று பேர், மதியம் இரண்டுக்கு மணப்பெண். பின்னல் போடும் பெண்களைப் பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தாள். அப்போது கைபேசி அடித்தது.

"அக்கா, நான் செகேலா. ஆறு பேரும் கடை வாசல்ல நிக்கிறோம். பூட்டியிருக்கு."

"ரெண்டு மணிக்குத்தானேம்மா போட்டிருந்தே?"

"ஆமா. இப்ப ரெண்டு மணிதானே? நாலு மணிக்குச் சர்ச்சுல இருக்கணும்!"

சப்பாத்தி கருகியது. எங்கள் ஊரில் காலை ஆறுக்கு விடிந்த பிறகுதான் மணியை எண்ணத் தொடங்குவோம். கடிகாரத்தில் எட்டு என்றால் வாயில் இரண்டு. கடிகாரத்தில் பத்து என்றால் வாயில் நான்கு. ஆங்கிலத்தில் கேட்டால் எட்டு என்போம், சுவாஹிலியில் கேட்டால் இரண்டு என்போம், பிறந்ததிலிருந்து ஒருநாளும் குழம்பியதில்லை. படிவத்தைச் சுவாஹிலியாக மாற்றிய கெட்டிக்காரி, கடிகாரத்தை மட்டும் ஆங்கிலத்திலேயே விட்டுவிட்டாள்.

மாவுக் கையோடு வாடகை பைக்கில் ஏறினாள். போகிற வழியெல்லாம் போனில் கத்தி, பின்னல்காரப் பெண்களை எழுப்பினாள். கடையைத் திறக்கும்போது எட்டு இருபது. மணப்பெண்ணின் கண்ணில் தண்ணீர் முட்டி நின்றது.

"அழாதேடி, மூஞ்சி வீங்கிடும்," என்று பின்னாலேயே ஓடிவந்த பூப்பே அதட்டினாள். "உக்காரு. நீ கொண்டையைப் பிடி. நீ ஊசி எடுத்துக் குடு. ஏய் பச்சைக் கவுன், சும்மா நிக்காம அவ தலையைச் சீவு!"

திட்டுவதற்கு ஆள் வேண்டும் என்று அவள் கேட்டது எவ்வளவு சரி! தோழிகளே ஒருத்திக்கொருத்தி சிக்கெடுத்தார்கள். பின்னல்காரிகள் இருவரும் வந்து சேர்ந்தார்கள். அத்துபேலே மணப்பெண்ணின் தலையை விட்டு நகரவில்லை. கை வேலை செய்ய, கண் வாசலுக்கே போய்ப் போய் வந்தது: பத்து மணிக்குப் பதிந்தவர்கள் சீக்கிரமே வந்து நின்றால்? எந்த நாற்காலியில் உட்கார வைப்பது?

பத்தாக ஏழு நிமிடம் இருக்கும்போது செகேலா கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். அத்துபேலேயின் மாவு காய்ந்த கையைப் பிடித்து முத்தமிட்டாள். ஆறு பேரும் வேனில் ஏறிப் பறந்தார்கள்.

மணி பத்தானது. யாரும் வரவில்லை. பத்தேகால். வாசல் வெறிச்சென்று இருந்தது.

"கோவிச்சுக்கிட்டாங்களோ அண்ணி? மூணு பேரும் போயிட்டாங்களே," என்று அத்துபேலே தரையில் உட்கார்ந்தே விட்டாள்.

பூப்பே கைபேசியை வாங்கி உற்றுப் பார்த்தாள். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தாள்.

"அடி பைத்தியமே! அவங்க போட்டதும் நம்ம பத்து, பதினொண்ணு. கடிகாரத்துல நாலு, அஞ்சு. சாயங்காலம் வருவாளுக. ஊரே சரியான மணியிலதான் பதிஞ்சிருக்கு. உன் நாட்காட்டி ஒண்ணுதான் வெள்ளைக்காரன் வீட்டுல படுத்துக் கிடக்கு."

அத்துபேலேக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அமைப்புகளைத் திறந்து, நாட்காட்டியை ஆறு மணி நேரம் பின்னால் தள்ளினாள். அதற்காகக் கடையின் ஊரை, எங்களைவிட ஆறு மணி நேரம் பிந்தி ஓடும் பிரேசிலில் ஒரு நகரம் என்று போட வேண்டியிருந்தது. போட்டாள். எண்களை இரண்டு முதல் பதினொன்று வரை வரிசையாக அடுக்கினாள்.

நண்பகலில் ஊதுகுழல்காரர்களை ஏற்றிய லாரி முன்னே முழங்க, கல்யாண ஊர்வலம் கடை வழியாகவே வந்தது. அத்துபேலே மணப்பெண்ணின் முகத்தைப் பார்க்கவில்லை, கொண்டையைத்தான் பார்த்தாள். ஓர் ஊசிகூட நகரவில்லை. ஊர்வலம் தெருமுனையில் திரும்புவதற்குள் கைபேசி மூன்று முறை சிணுங்கியது. பூப்பே முந்திக்கொண்டு பிடுங்கினாள்.

"அடுத்த சனி, இன்னொரு கல்யாணம்டி! எட்டுத் தலை! மூணு மணிக்கு!"

"எந்த மூணு அண்ணி?" அத்துபேலே கைபேசியை எட்டிப் பார்த்தாள்.

"நம்ம மூணு."