கேமராப் பெட்டிக்குப் போட்ட மாலை

பரமசிவம் அங்கிளின் நம்பர் போனில் வந்தாலே எனக்குப் பாதிக் கோபம் வந்துவிடும். சிங்கப்பூர் ஃபேரர் பார்க்கில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். அங்கே குத்துவிளக்கு கிடைக்கும், இட்லிப்பானை கிடைக்கும், மரியாதையாக ஒரு வார்த்தைதான் கிடைக்காது. கேமரா ரிப்பேர் என் தொழில். நானும் ஒரு பழைய வேனும் சேர்ந்ததுதான் என் கம்பெனி. அவர் கடைக்குக் கேமரா மாட்டியவர் தொழிலை மூடிவிட்டுப் போனபோது, கேமராப் பெட்டியின் சாவியோடு இந்தத் தலைவலியும் என்னிடம் வந்து சேர்ந்தது.

"எல்லாக் கேமராவும் செத்துப்போச்சு யாமினி. தீபாவளிக் கூட்டம் வருது. இன்னிக்கே வந்து பாத்துட்டுப் போயிரு லா" என்றார். எப்போதிருந்து என்று கேட்டேன். ஆயுத பூஜையிலிருந்து என்றார். இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டு இன்றைக்கே வா என்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டு, தீவின் வடகோடி மார்சிலிங்கில் கையிலிருந்த வேலையை முடித்துக்கொண்டு போனேன்.

கடைக்குள் நுழைந்ததும் ஏணியைத் தூக்கிக்கொண்டு எதிரே வருகிறவன் அழகேசன்தான். அறந்தாங்கிப் பக்கத்துப் பையன். வருஷக்கணக்காக ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிறான், கடைக்கு மேலேயே தங்கியிருக்கிறான். அன்றைக்கு ஆளைக் காணவில்லை. எங்கே என்று கேட்டதும் அங்கிளின் மனைவி சுசீலா ஆன்ட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அவன் கத முடிஞ்சிருச்சு. வொர்க் பாஸ் கேன்சல் பண்ணியாச்சு. சாயங்காலம் ஃப்ளைட்டு" என்றார் அங்கிள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்புறம்தான் ஒவ்வொன்றாகச் சொன்னார். பூஜையில் வைத்த ஆன்ட்டியின் தங்கச் சங்கிலி மறுநாள் காலையில் இல்லை. கடையையே புரட்டிப் போட்டுத் தேடியும் கிடைக்கவில்லை. ரெக்கார்டரில் பார்க்கலாம் என்று போனால், பூஜை நடந்துகொண்டிருக்கும்போதே எல்லாக் கேமராவும் ஒரே நேரத்தில் அணைந்திருக்கிறது. அணைவதற்கு முன்னால் கடைசியாகத் தெரிந்தது, கையில் மணியோடு ஸ்டோருக்குள் போகிற அழகேசன். ஸ்டோருக்குள் கேமரா கிடையாது. கேமராவை அணைத்தவன்தான் சங்கிலியை எடுத்தவன் என்று அங்கிள் முடிவு கட்டிவிட்டார். போலீசுக்குப் போகாமல் ஊருக்கு அனுப்புவதே தான் காட்டும் இரக்கம் என்று வேறு சொன்னார்.

"அவன் எப்படி அங்கிள் அணைக்க முடியும்? பெட்டி பூட்டியிருக்கு. சாவி என்கிட்ட இருக்கு" என்றேன்.

"வயரு வெளியதான இருக்கு? நீ வேலையப் பாரு" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு ஒரு வெண்கலப் பானையைத் தூக்கிப் போட்டு உடைத்திருப்பேன். ஆனாலும் வேலையைத்தான் பார்த்தேன். சத்தம் போட்டு அவனைக் காப்பாற்ற முடியாது, கேமரா ஏன் அணைந்தது என்று காட்டினால்தான் முடியும்.

இந்தக் கேமராக்களுக்குக் கரண்டுக்கென்று தனி வயர் கிடையாது. படம் வருகிற நெட்வொர்க் கேபிளிலேயே கரண்டும் போகும். அதனால் கேமரா செத்தால் முதலில் பார்க்க வேண்டியது, கெட்டது கேமராவா, கேபிளா, இல்லை கரண்ட் கொடுக்கிற இடமா என்பது. பின்சந்துக் கேமராவிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று பின்கதவைத் திறந்தேன். படிக்குக் கீழே, சூட்கேஸ் மேல் உட்கார்ந்திருந்தான் அழகேசன். ஏர்போர்ட் வேனுக்குக் காத்திருக்கிறான் என்று பார்த்ததுமே தெரிந்தது.

என்னைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் ஏணியைப் பிடிக்க எழுந்து வந்தான்.

"நான் எடுக்கலக்கா. சூட்கேச எத்தன தடவ பிரிச்சுப் பாத்துட்டாங்க. இந்தக் கேமரா மட்டும் வேல செஞ்சிருந்தா நான் தப்பிச்சிருப்பேன். ஊர்ல போயி திருடிட்டு வந்தவன்னு எப்படிக்கா நிப்பேன்?"

ஏணியில் ஏறினேன். என் பையில் எப்போதும் இருக்கும் சின்ன பவர் அடாப்டரை அந்தக் கேமராவில் நேராகச் செருகினேன். உடனே உயிர் வந்தது. கேமராவில் கோளாறு இல்லை. கேபிளின் இரண்டு முனையிலும் டெஸ்டரை வைத்துப் பார்த்தேன். வெட்டும் இல்லை, ஒட்டும் இல்லை. வயரை யாரும் தொடக்கூட இல்லை. அப்படியென்றால் கோளாறு பூட்டிய பெட்டிக்குள்தான் இருக்க வேண்டும்.

பெட்டி ஸ்டோர் சுவரில், சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. கண் உயரத்தில் ஒரு இரும்புப் பெட்டி, மேலே கேபிள் இறங்க ஒரு ஓட்டை. அதன் கதவில் சந்தனம், குங்குமம், உச்சியில் காய்ந்து சருகான மாலை. இந்தக் கடையில் ஆயுத பூஜை என்றால் தராசு, தள்ளுவண்டி, கல்லா மிஷின் எதுவும் பொட்டில்லாமல் தப்பாது. இந்த வருஷம் பெட்டிக்கும் போட்டிருக்கிறார்கள். ஏன் என்று கேட்டேன். "திருடனப் புடிக்கிறது அதுதான? அதுவும் ஆயுதம்தான்" என்றார் அங்கிள். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

பூட்டைத் திறந்தேன். கேமராக்களுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற சுவிட்சில் ஒரு விளக்குகூட எரியவில்லை. அதற்குக் கரண்ட் தருகிற பவர் சப்ளை கீழே இருந்து டிக், டிக் என்று விட்டுவிட்டுச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். எங்கேயோ ஷார்ட் ஆகியிருக்கிறது, அது எழுந்து எழுந்து படுக்கிறது. மெயினை அணைத்துவிட்டு மீட்டரை வைத்தேன். ஷார்ட்டேதான். டார்ச்சை அடித்துப் பார்த்தேன்.

பவர் சப்ளையின் இரண்டு ஸ்க்ரூவுக்கும் குறுக்கே, காய்ந்த பூ இதழ்களுக்கு நடுவில், மஞ்சளாக ஏதோ கிடந்தது. முன்னால் மாட்டியவர் மூடி போடாமல் விட்ட வயர் என்று நினைத்து அவரை மனதார வைதுகொண்டே நுனியைப் பிடித்து இழுத்தேன். அது வயர் மாதிரி விறைப்பாக வரவில்லை. வந்துகொண்டே இருந்தது. முழுவதும் வெளியே வந்தபோது என் கையில் தொங்கியது தங்கச் சங்கிலி.

ஸ்க்ரூ பட்ட இடத்தில் ஒரு கண்ணி மட்டும் கறுத்திருந்தது. காணாமல் போன சங்கிலிதான் கேமராக்களை அணைத்திருக்கிறது. மாலைக்கு அடியில் இருந்த கேபிள் ஓட்டை வழியாக உள்ளே விழுந்திருக்கிறது. விழுந்த நேரம்தான் அழகேசன் மணியோடு உள்ளே வந்த நேரம்.

ஆன்ட்டிதான் முதலில் பேசினார்.

"தட்டுல இருந்தத நீங்கதான எடுத்து மாலை மேல வச்சீங்க?"

அங்கிள் பேயறைந்தவர் மாதிரி நின்றார். பெட்டியின் உச்சியையும் தரையையும்தான் தேடினாராம். பூட்டிய பெட்டிக்குள் எப்படிப் போகும் என்று யாருக்குமே தோன்றவில்லையாம். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

மெயினைப் போட்டேன். சுவிட்சில் விளக்குகள் பச்சையாக எரிந்தன. ஆன்ட்டி என் கையிலிருந்து சங்கிலியை வாங்கி உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டு பின்பக்கம் ஓடினார். திரையில் வாசல் வந்தது, கல்லா வந்தது, கடைசியாகப் பின்சந்து வந்தது. படிக்குக் கீழே அழகேசன் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

படியில் ஆன்ட்டி இறங்குவது தெரிந்ததும் அவன் எழுந்தான். அவர் வாயைத் திறப்பதற்குள் சூட்கேஸைப் படுக்கப்போட்டு ஜிப்பை இழுத்தான். சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து உதறி, வெளியே அடுக்க ஆரம்பித்தான். மறுபடியும் சோதனை போட வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டான். ஆன்ட்டி மூடிய கையோடு அப்படியே நின்றுவிட்டார்.

அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் அங்கிள் திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றார். "போங்க அங்கிள். நீங்கதான் போகணும்" என்று அவர் தோளைப் பிடித்துத் தள்ளினேன். பெரியவரைத் தள்ளுகிறோமே என்றுகூட அப்போது தோன்றவில்லை.

நாங்கள் போனபோது அழகேசன் தலை நிமிராமலே சொன்னான். "பாத்துட்டீங்கன்னா சொல்லுங்க முதலாளி. வேன் வந்துரும், பூட்டணும்."

ஆன்ட்டி கையை விரித்தார். அவன் சங்கிலியைப் பார்த்தான். கையிலிருந்த சட்டை கீழே விழுந்தது.

"நான்தான்டா வச்சேன். பெட்டிக்குள்ள விழுந்து கெடந்துச்சு. நீ எடுக்கல. எல்லாம் என் தப்பு, நீ போகாத. பாஸுக்கு நானே போய் நின்னு கேக்குறேன்" என்றார் அங்கிள்.

சந்து முனையில் வேன் வந்து ஹாரன் அடித்தது. அழகேசன் அந்தப் பக்கம் திரும்பாமல் கதவுக்கு மேலே இருந்த கேமராவைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"இப்ப வேல செய்யுதாக்கா? சத்தமும் பதியுமா?"

பதியும் என்றேன்.

"அப்ப அதப் பாத்து இன்னொரு தடவ சொல்லுங்க முதலாளி."

பரமசிவம் அங்கிள் என்னைப் பார்த்தார், ஆன்ட்டியைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேமராவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தன் முழுப் பெயரையும் கடையின் பெயரையும் சொல்லி ஆரம்பித்தார்.