பூச்சியத்தில் நின்ற குமிழ்

பட்டுச் சட்டையின் மேல் பொத்தான் பூட்டுப்படவில்லை. கழுத்து வீங்கியிருந்தது. யோகராணி மறுபடியும் முயன்றுவிட்டு, விரல்களை எடுக்காமல் அப்படியே நின்றாள். பெட்டியின் மறுபக்கத்தில் நின்ற ஜெனவியேவ், அந்தச் சவச்சாலையில் உடல்களுக்கு உடுத்திவிடுகிறவள், மெதுவாக ஏதோ சொன்னாள். யோகராணிக்கு விளங்கவில்லை. சுவரோரம் நின்ற மகன் சாருஜன் தமிழில் சொன்னான்.

"முதுகுப் பக்கம் வெட்டினா முன்னுக்குச் சரியா வருமாம். வெளியிலை தெரியாதாம்."

"வெட்டச் சொல்லு."

கத்தரிக்கோல் பட்டில் ஓடும் சத்தம் கேட்டது. சாருஜன் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவனுடைய இடது தோள் எலும்பு உடைந்திருந்ததால் அந்தக் கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். காலையில் அவனுக்கு வேட்டியை யோகராணிதான் உடுத்திவிட்டாள். மகனுக்கும் புருஷனுக்கும் ஒரே நாளில் உடுத்திவிடுகிறோம் என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை. இப்போது தோன்றியது.

பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் அவரை இராஜேந்திரன் என்று கேட்டால் யோசிப்பார்கள். மணவறை ராஜன் என்றால் கடைக்காரர் எவரும் கையை நீட்டி வழி காட்டுவார்கள். ஓல்னே, வில்லியே லே பெல் போன்ற புறநகர்களில் நடக்கும் கலியாணங்களில் பாதிக்கு அவருடைய மணவறைதான். தூண்கள், மயில்கள், சிம்மாசனக் கதிரைகள், ஜெனரேட்டர் எல்லாவற்றையும் ஒரு ட்ரெயிலரில் அடுக்கி, வானின் பின்னால் கொழுவி இழுத்துக்கொண்டு போவார். "தாலி கட்டுற நேரத்துக்கு மணவறை நிக்கோணும். மற்றதெல்லாம் பிறகு," என்பார். ஒருநாளும் பிந்தியதில்லை.

அந்த ட்ரெயிலர் கனடாவில் கடை மூடிய ஒரு சொந்தக்காரரிடமிருந்து கப்பலில் வந்தது. அதற்குக் காட் கிறிஸ் என்ற பதிவுப் பத்திரம் எடுக்க ஒரு வருடத்துக்கு மேல் அலைந்தார். அதன் பிறேக் இங்கத்தைய ட்ரெயிலர்கள் போல் அல்ல. மின்சாரத்தில் வேலை செய்வது. ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டி பூட்ட வேண்டும். வானின் பிறேக்கை மிதித்தால் அந்தப் பெட்டி ட்ரெயிலரின் சில்லுகளையும் பிடிக்கச் செய்யும். எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பதை ஒரு குமிழைத் திருகி வைப்பார்கள். பாரம் ஏறினால் கூட்டி, வெறும் ட்ரெயிலர் என்றால் குறைத்து. பக்கத்தில் ஒரு சிறு பிடியும் உண்டு. ட்ரெயிலர் வாலாட்டத் தொடங்கினால் பிறேக்கில் காலை வைக்காமல் அந்தப் பிடியைக் கையால் தள்ள வேண்டும். பின்னால் வருவது மட்டும் இழுபட்டு நேராகும்.

எந்தப் பெட்டியை வாங்குவது என்று அப்பாவும் மகனும் சாப்பாட்டு மேசையில் கதைத்தது யோகராணிக்கு நல்ல ஞாபகம். வான் எவ்வளவு கடுமையாக நிற்கிறதோ, அதை உணர்ந்து அதே அளவுக்கு ட்ரெயிலரையும் பிடிக்கிற வகை ஒன்று இருக்கிறது, அதைத்தான் எடுக்க வேண்டும் என்றான் சாருஜன்.

"அது வந்து சேர ரெண்டு கிழமை செல்லும். சனிக்கிழமை பொண்டியிலை கலியாணம். மெக்கானிக்கிட்டை ஒண்டு கிடக்கு, அதைப் பூட்டுவம். பிறகு மாத்தலாம்."

மெக்கானிக்கிடம் கிடந்தது நேரத்தை மட்டும் பார்க்கிற வகை. மிதித்தது மெல்லவா கடுமையாகவா என்று அதற்குத் தெரியாது. காலை வைத்ததும் தன்பாட்டில் கூட்டிக்கொண்டே போகும். பாரிசுக்குள் ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் ட்ரெயிலர் வெடுக்கென்று இழுத்தது. உள்ளே தூண்கள் ஒன்றோடொன்று முட்டின. ஒரு மயிலின் கழுத்து உடைந்தது. அதன் பிறகு இராஜேந்திரன் ஊருக்குள் ஓடும்போது குமிழைப் பூச்சியத்துக்குத் திருப்பிவிடுவார். பெரிய றோட்டில் ஏறும்போது கை தானாகக் கீழே போய்க் கூட்டும். பக்கத்து இருக்கையில் இருந்து யோகராணி அதை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறாள். ஒருமுறையும் மறந்ததில்லை. பெட்டியை மாற்றுகிற கதை அதற்குப் பிறகு எழவும் இல்லை.

அன்றைக்கு அவள் வானில் இல்லை. கலியாணம் முடிந்து, வாடிய மாலைகளோடு புருஷனின் தமையன் இராஜதுரையின் காரில் பின்னால் வந்தாள். பெரிய றோட்டுக்கு முன்னால் பெற்றோல் அடிக்கிற இடத்தில் வான் நின்றது. இராஜேந்திரன் இறங்கிக் கண்ணைக் கசக்கினார். வானின் திறப்பைப் பக்கத்தில் இருந்து வந்த மகனிடம் கொடுத்துவிட்டு மறுபக்கம் போய் ஏறினார். காரைத் தாண்டிப் போகும்போது குனிந்து, "தண்ணி கிடக்கே?" என்று கேட்டார். அவள் போத்தலை நீட்டினாள். அவ்வளவுதான் கடைசிப் பேச்சு.

ஆர்ஜந்தேய் தாண்டி ஆற்றை நோக்கி றோட்டு இறங்குகிற இடத்தில் ட்ரெயிலர் மெல்ல இடப்பக்கம் அசைந்தது. பிறகு வலப்பக்கம். வானின் சிவப்பு விளக்கு எரிந்தது. ட்ரெயிலர் அதைக் கேட்கவில்லை, வானைத் தள்ளியது. "பெடியன் ஓடுற ஓட்டத்தைப் பார்," என்றார் இராஜதுரை. அவர் சொல்லி முடிக்க முன்னம் வான் குறுக்கே திரும்பிவிட்டது. இராஜேந்திரன் இருந்த வலது பக்கக் கதவு இரும்புத் தடுப்பில் போய் மோதியது. தூண்கள் றோட்டெல்லாம் உருண்டன.

ஆஸ்பத்திரிக்கு வந்த பொலிஸ்காரி சாருஜனிடம் நெடுநேரம் பேசினாள். பெட்டியின் குமிழ் பூச்சியத்தில் நின்றிருக்கிறது, அப்படி வைத்தது யார் என்று கேட்டாள்.

"செ முவா," என்றான் அவன்.

நான்தான். அந்த அளவு பிரெஞ்சு யோகராணிக்குத் தெரியும். கட்டிலின் காலடியில் நின்ற இராஜதுரைக்கும் தெரியும். அதன் பிறகு உடலைத் தரும்வரை வீட்டில் தாயும் மகனும் பேசியதெல்லாம் மருந்து, சாப்பாடு, ஆர் வந்தது, ஆர் போனது என்பதுதான்.

மேல் பொத்தான் பூட்டுப்பட்டது. ஜெனவியேவ் சால்வையைக் கழுத்துவரை இழுத்துச் சரிசெய்துவிட்டுக் கதவைத் திறந்தாள். ஆட்கள் உள்ளே வந்தார்கள். லா சப்பல் கடைக்காரர்கள், தூண் ஏற்றி இறக்குகிறவர்கள், அவருடைய மணவறையில் இருந்து கலியாணம் செய்த இரண்டு மூன்று சோடிகள். அந்த அறை மதியம்வரைதான் அவர்களுக்கு. ஐயர் கும்பத்தை வைத்து, சுண்ணம் இடிக்கும் சடங்குக்கான உரலை ஒரு துணியின் மேல் நிறுத்தினார். சத்தம் கூடாது என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள்.

"ஆர் கிரியை செய்யிறது?" என்று ஐயர் கேட்டார்.

சாருஜன் சுவரை விட்டு ஒரு அடி முன்னால் வந்தான். அதற்குள் இராஜதுரை சொன்னார்.

"அவனுக்குக் கை ஏலாது ஐயா. சுண்ணம் இடிக்க ரெண்டு கை வேணும். என்ரை மகன் கிருஷிகன் செய்வான். இவருக்குப் பெறாமகன்தானே."

கிருஷிகன் நிலத்தைப் பார்த்தான். அவனிடம் முன்னமே சொல்லி வைத்திருக்கிறார்கள், வேட்டியோடு வந்திருந்தான்.  சாருஜன் வைத்த அடியைப் பின்னால் எடுத்துக்கொண்டான். அதை யோகராணி பார்த்தாள்.

"சாருஜன் செய்வான்," என்றாள்.

"ராணி, நீர் பேசாமல் இரும். கையைப் பாரும்."

"கை மட்டுமோ அத்தான் காரணம்?"

இராஜதுரை சுற்றிலும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார், ஆனால் அந்தச் சின்ன அறையில் எல்லாருக்கும் கேட்டது. "நான் மறைக்கேல்லை. ஓடினது அவன். பிறேக்கை நிப்பாட்டி வைச்சது தான் எண்டு பொலிசுக்கும் அவனே சொன்னவன். என்ரை தம்பி இதிலை கிடக்கிறான். அவனைக் கொண்டே நெருப்பு வைக்கச் சொல்லுறீரோ?"

"அவன் வைக்கேல்லை. பூச்சியத்துக்குத் திருப்பினது இவர்."

யோகராணி பெட்டியின் விளிம்பைப் பிடித்திருந்தாள். சாருஜன், "அம்மா, அறெத்," என்றான். பிறகு, "விடுங்கோ அம்மா."

அவள் விடவில்லை. "மயில் உடைஞ்ச நாளிலை இருந்து ஊருக்குள்ளை ஓடேக்கை திருப்பிறவர். பெரிய றோட்டிலை ஏறேக்கை கூட்டுறவர். நான் பக்கத்திலை இருந்து பாத்தனான். அண்டைக்குக் கண் எரியுதெண்டு திறப்பைக் குடுத்தவர், அதைச் சொல்ல மறந்திட்டார். இவன் அந்தப் பிடியைத் தள்ளித்தான் பாத்திருப்பான். பூச்சியத்திலை நிண்டா அதுவும் பிடியாது."

"கிடக்கிற மனிசனிலை பழியைப் போடாதையும்," என்றார் இராஜதுரை.  "அவன் எழும்பி வந்து பதில் சொல்லப் போறானோ?"

"இவருக்கு இனி ஒண்டும் ஆகாது அத்தான். பிள்ளை இருக்க வேணும்."

 யோகராணி புருஷனின் முகத்தைப் பார்த்தாள். பவுடருக்கு அடியில் நெற்றியின் காயம் நீலமாகத் தெரிந்தது. இத்தனை பேருக்கு முன்னால் அவரைப் பற்றி இப்படிச் சொல்லிவிட்டாள். இத்தனை வருடத்தில், அவர் இல்லாத இடத்தில்கூட, ஒரு குறை சொன்னதில்லை.

"நான் ஏறினவுடனை பாத்திருக்கோணும்," என்றான் சாருஜன். தாயிடம் சொல்வதுபோலவும் இருந்தது, பெரியப்பாவிடம் சொல்வதுபோலவும் இருந்தது. "ஓடுறவன்தான் பாக்கோணும். அது எனக்குத் தெரியும். நான் பாக்கேல்லை. அப்பா நித்திரை கொள்ளட்டும் எண்டு றேடியோவை மட்டும் குறைச்சனான்."

அதுவும் பொய் இல்லை. 

ஐயர் தொண்டையைச் செருமினார். "தம்பி, வலக்கை நல்லாத்தானே இருக்கு? அது காணும். வாரும்."

சாருஜன் போய் நின்றான். உலக்கையை வலக்கையால் பிடித்துத் தூக்கினான். அது ஒரு பக்கம் சரிந்தது. கிருஷிகன் முன்னால் வந்து, தகப்பனைப் பார்க்காமல், உலக்கையின் மேல் பகுதியைப் பிடித்துக்கொண்டான். இருவரும் சேர்ந்து இடித்தார்கள். உரலுக்குக் கீழே துணி இருந்ததால் சத்தம் மொத்தையாக வந்தது. யாரோ ஒரு பெண் சுண்ணப் பாட்டைத் தொடங்கி, குரல் வராமல் நிறுத்தினாள், வேறொருத்தி பிடித்துக்கொண்டாள். இராஜதுரை யன்னலடியில் போய் நின்றார். வாய்க்கரிசி போடக் கூப்பிட்டபோது வந்தார். தம்பியின் வாயில் அரிசியை வைத்தவர், கையை எடுக்காமல் அப்படியே நின்றதால், பின்னால் நின்றவர்கள் காத்துக்கொண்டு நின்றார்கள்.

மதியத்துக்கு முன்பே ஜெனவியேவ் கதவோரம் வந்து நின்றாள். ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியை மூடினார்கள்.

எரிக்கிற இடத்தில் பெட்டி உள்ளே போவதைப் பார்க்க ஒரு சிறு அறை இருந்தது. கொள்ளி இல்லை, சுவரில் ஒரு பச்சைப் பொத்தான். அங்கே வேலை செய்கிறவர் யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் எல்லாரையும் பார்த்தார். சாருஜன் பொத்தானின் மேல் பெருவிரலை வைத்தான். வைத்தபடி நின்றான். யோகராணி அவனுடைய முதுகில் கை வைக்கலாமா என்று யோசித்தாள். வைக்கவில்லை. தள்ளிவிட்டதுபோல் ஆகிவிடக்கூடாது. கடைசியில் அவனே அமர்த்தினான். இரும்புக் கதவு இறங்கியது.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் இராஜதுரை தன் காரின் கதவைத் திறந்துகொண்டு நின்றார். இவர்கள் பக்கம் வரவில்லை, போகவும் இல்லை. "நாளைக்குச் சாம்பல் எடுக்க எத்தினை மணிக்கு?" என்று தூரத்தில் நின்றபடியே கேட்டார். சாருஜன் நேரத்தைச் சொன்னான். "சரி," என்றுவிட்டு ஏறினார்.

கிருஷிகன் தன்னுடைய காரில் இவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தான். அவனுக்குப் பக்கத்து இருக்கையில் யாரும் இருக்கவில்லை. தாயும் மகனும் பின்னால் இருந்தார்கள்.

"சாம்பல் எடுத்த பிறகு பொலிசுக்குப் போவம்," என்றாள் யோகராணி. "நான் சொல்லுறன். நீ பிரெஞ்சிலை சொல்லு."

அவன் மாட்டேன் என்று சொல்லவில்லை.

போர்த் து லா சப்பலில் நெரிசல். முன்னால் ஒரு பஸ் நின்று நின்று போனது. கிருஷிகன் கவனமாகத்தான் ஓடினான். யோகராணி தற்செயலாகக் கீழே பார்த்தாள். முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்கு எரிகிற ஒவ்வொரு தரமும் சாருஜனின் வலது கால் தரைவிரிப்பை அழுத்தியது. சுண்ணத் தூள் ஒட்டிய வேட்டிக் கரைக்குக் கீழே, செருப்பில்லாத கால். விளக்கு அணைந்ததும் மெல்லத் தளர்ந்தது. மறுபடி அழுத்தியது.

அவள் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பாலத்துக்கு மேலால் ரயில் ஒன்று போய்க்கொண்டிருந்தது.